சாம்பல் படியாத நாற்காலி

இதை எழுத உட்கார்ந்து, எழுதாமலே எழுந்துபோன வருஷங்கள் பல. பேனாவை எடுப்பேன், சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். ஊர் சிரிக்கும் என்ற பயமில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எதை எழுதினாலும் சிரிக்கிறவர்கள் சிரிக்கத்தான் போகிறார்கள். என் பயம் வேறு. நான் எழுதப்போகிற அந்த அக்கா ஒரு வார்த்தையைக் கூட்டியும் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார். அப்படிப்பட்டவரைப் பற்றி எழுதும்போது என் கை தவறி ஒரு வார்த்தை மாறிவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இத்தனை நாள். இன்று காலை விளக்கேற்றி, வடிவுடையம்மனை நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். தப்பு வராமல் அவள் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்போது நாங்கள் திருவொற்றியூரில் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு தெருவில், கீழ் போர்ஷனில் இருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். அந்த அக்கா மேல் போர்ஷன். மொட்டை மாடி இரண்டு குடும்பத்துக்கும் பொது.

நாங்கள் குடி வந்த முதல் வாரமே அக்காவின் குணம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ராயபுரத்தில் ஒரு குடோனில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி தேடி வந்தால் பிடிபடக் கூடாது என்று, வாசலில் நின்றிருந்த அக்காவிடம், "நான் இல்லன்னு சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மேஸ்திரி வந்தார். அக்கா சொன்ன பதில் எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது.

"உள்ள தான் கீறாரு. இல்லன்னு சொல்ல சொன்னாரு."

அன்று என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். திரும்பி வந்து, "இன்னா பொம்பள அது" என்று இரண்டு நாள் புலம்பினார்.

தண்ணி லாரியில் சண்டை நடந்து போலீஸ் வந்து விசாரித்தபோதும் அப்படித்தான். இரண்டு கட்சியும் அக்காவைத்தான் சாட்சிக்கு இழுத்தது. அக்கா சொன்னார்: "இது கொடத்த தள்ளுச்சு. அது மயிர புடிச்சுது. அதுக்கு முன்னாடி இன்னா நடந்துச்சுன்னு நான் பாக்கல." இரண்டு கட்சியும் அக்காவோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. என் மீன் குழம்பை ருசி பார்க்கச் சொன்னால், "உப்பு ஜாஸ்திமே" என்பார். நல்லா இருக்கு என்று ஒருநாள் சொன்னார். அந்த ஒரு நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷம் முழுக்கக் கடல்தான். மாசி, பங்குனி இரண்டு மாதம் மட்டும் எப்படியாவது லீவு கேட்டு வந்துவிடுவார். வேறு மாதத்தில் லீவு கொடுத்தால் வேண்டாம் என்பாராம். காரணம் அக்காவின் பூந்தொட்டிகள். மாசி பிறந்ததும் அந்த மாடியில் குண்டுமல்லி அரும்பு கட்டும். ரோஜா, செம்பருத்தி, நந்தியாவட்டை எல்லாம் ஒன்றோடு ஒன்று போட்டி போடும். கடலில் பத்து மாதம் தண்ணீரையும் இரும்பையும் பார்த்த கண்ணுக்கு அது வேண்டும் என்பார் அவர்.

எங்கள் பக்கம் பூச்செடி வளர்ப்பது லேசான வேலையில்லை. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்றடித்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல். நெடுஞ்சாலைப் பக்கமிருந்து அடித்தால் கன்டெய்னர் லாரிப் புழுதி. காலையில் மாடிக்குப் போனால் தரை, கைப்பிடிச் சுவர், துணிக்கொடி, எல்லாவற்றின் மேலும் மாவு சலித்தது போல் படிந்திருக்கும். அப்படியே விட்டால் செடி மூச்சு முட்டிச் செத்துவிடும். அக்கா ஒரு பழைய வேட்டித் துணியைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு இலையாக, மேலும் கீழும் துடைப்பார். குழந்தைக்கு மூக்குத் துடைப்பது போல இருக்கும். எல்லாத் தொட்டியும் முடிய வெயில் ஏறிவிடும்.

அந்த நேரத்தில் அவர் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படிப்பார். அது ஒரு சீனக் கதை. ரொம்பப் பழைய காலத்தது, ரொம்பப் பெரியது. அதை யாரோ இங்கிலீஷில் எழுதி, செங்கல் செங்கலாக நாலு புத்தகமாகப் போட்டிருந்தார்கள். கப்பலில் கூட வேலை பார்த்த ஒரு சீனாக்காரர், 'எங்களைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இதைப் படி' என்று கொடுத்தாராம். அண்ணன் கப்பலிலேயே இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர். ஒரு பக்கத்தை மனதுக்குள் படிப்பார். பிறகு தலையைத் தூக்கி, அதை அப்படியே நம் பேச்சில் அக்காவுக்குச் சொல்வார். அக்காவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான்.

கதையில் ஒரு பெரிய வீடு. அதற்குள் ஒரு தோட்டம். ஆட்கள் எண்ணி மாளாது. சீனப் பெயர்கள் வாயில் நுழையாததால் அண்ணனே ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார். பெரிய வூட்டம்மா, மூக்கொழுகி, கணக்கப்புள்ள, தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற ஒரு சின்னப் பெண், அதற்குப் பெயர் சின்னது.

"பெரிய வூட்டம்மா சொல்லுது, இன்னாடா மூக்கொழுகி, காலங்காத்தால ஒப்பாரி வெச்சிகினு கீற, போயி மூஞ்ச கழுவுன்னு."

வடாம் காயவைக்கப் போயிருந்த நான் சிரித்துவிட்டேன். "அண்ணே, சீனாக்காரங்க இப்டியா பேசுவாங்க?"

"அவங்க சீனத்துல பேசுனாங்க. அத்த ஒருத்தன் இங்கிலீசுல ஏத்துனான். நான் நம்ம பாஷைல எறக்கறேன். மூணு கப்பல் மாறி வந்த சரக்கும்மா. டப்பா நசுங்கியிருக்கும். உள்ள கீற மாலு அப்டியே கீது."

"நசுங்காம எறக்குய்யா" என்பார் அக்கா, இலையைத் துடைத்தபடியே. "நீயா ஒண்ணும் சேக்காத."

இனி அந்த மகிழ மரம். மரம் என்ன, தொட்டிச் செடிதான். எங்கள் கோயிலில் உள்ள மகிழ மரத்தடியில் விழுந்த பழத்தின் கொட்டையை எடுத்து வந்து அக்கா முளைக்க வைத்தது. இடுப்புயரம் வளர்ந்து நின்றது, பூத்ததில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மகிழ மரம் என்றாலே ஒரு பயம் உண்டு. அந்தக் காலத்தில் ஒரு நாயனார் இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ளும்போது, உன்னைவிட்டுப் போக மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டி வந்தது. சாமி முன்னால் செய்தால் மீற முடியாது. அதனால், சத்தியம் செய்யும் நேரம் நீ கருவறையை விட்டு மகிழ மரத்துக்குப் போய்விடு என்று சாமியிடமே சொல்லி வைத்தார். அந்தப் பெண்ணோ, கோயிலுக்குள் வேண்டாம், மகிழ மரத்தடியிலேயே சத்தியம் செய் என்று கேட்டுவிட்டாள். சாமி இருந்தது அங்கேதான். சத்தியம் பிடித்துக்கொண்டது. பிறகு அவர் அதை மீறிப் போனபோது கண் பார்வை போயிற்று. வருஷா வருஷம் மாசித் திருவிழாவில் அந்தச் சத்தியத்தை நடத்திக் காட்டுவார்கள், மகிழடி சேவை என்று. இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் யாரும் மகிழ மரத்தடியில் விளையாட்டுக்குக்கூட வாக்குக் கொடுக்க மாட்டார்கள்.

அண்ணன் கொடுத்தார். ஒரு வருஷம் லீவு முடிந்து கிளம்புகிற நாள். இரண்டாவது புத்தகம் பாதியில் நின்றிருந்தது. அக்கா, "முடிக்காம போறியே" என்றார்.

"வந்து படிக்கறேன்."

"இத்தயே எல்லா வருசமும் சொல்ற."

அண்ணன் சிரித்துக்கொண்டே குனிந்து, அந்தத் தொட்டிச் செடியின் மேல் கையை வைத்தார். "இந்த மகிழ மரத்து மேல சத்தியம். இந்தக் கதைய கடைசி பக்கம் வரிக்கும், ஒரு வார்த்த விடாம உனக்கு படிச்சு காட்டாம எங்கயும் போய்ட மாட்டேன். போதுமா?"

நான் குறுக்கே புகுந்தேன். "அண்ணே, மகிழ மரத்துல வேணாண்ணே."

"அது கோயில் மரம்மா. இது தொட்டி. சாமி வந்து குந்தறதுக்கு இதுல எடம் ஏது?"

அக்கா சிரிக்கவில்லை. "சாமி எடம் மாறுன ஊருய்யா இது" என்றார்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் இரண்டு பேர் வந்தார்கள். கப்பல் கம்பெனியிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். காலையில் டீ போட அண்ணன் வரவில்லை, கப்பல் முழுக்கத் தேடினோம், எங்கும் இல்லை என்றார்கள். அவ்வளவுதான் அவர்களுக்கும் தெரிந்தது.

மீஞ்சூரிலிருந்து அக்காவின் தம்பி வந்தார். சொந்தக்காரர்கள் கூடினார்கள். ஆக வேண்டியதைப் பார்க்கணும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அக்கா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்.

"கப்பல்ல இல்லன்னாங்க. வூட்டுக்கு வரல. இது ரெண்டும் தான் எனக்கு தெரியும். செத்தாருன்னு யாரு பாத்தது? தெரியாதத நான் சொல்ல மாட்டேன்."

தாலியும் பொட்டும் பூவும் அப்படியே இருந்தன. தெருவில் பேசாத பேச்சில்லை. கூடையில் மீன் கொண்டு வருகிற மீன்காரம்மா மட்டும் முகத்துக்கு நேரே கேட்பாள், குத்தலாகவும் கேட்பாள், பாசமாகவும் கேட்பாள்.

"இன்னாக்கா, வந்தாரா உன் வூட்டுக்காரரு?"

"வரல."

"போனாவது வந்துச்சா?"

"அதுவும் வரல. சங்கரா எப்டி குடுக்கற?"

அடுத்த மாசி வந்தது. மல்லி அரும்பியது. ஒருநாள் காலை துணி உலர்த்த மேலே போனேன். அக்கா இலை துடைத்துக்கொண்டே பேசுவது படியேறும்போதே கேட்டது. போனில் பேசுகிறார் என்று நினைத்தேன். போன் இல்லை. முக்காலியின் மேல் அந்தச் சீனப் புத்தகம் விரித்து வைத்திருந்தது. அதற்கு எதிரே அண்ணனின் நாற்காலி. பக்கத்தில் இரண்டு டம்ளர் டீ.

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். ஒரு ஆள் ஒரு பக்கம் படிக்கிற நேரம். பிறகு, "ம்... கணக்கப்புள்ள சாவிய தொலச்சுட்டானா? அவனுக்கு வேணும்" என்று சொல்லி, கதையை எனக்குத் திருப்பிச் சொல்வார். பிறகு நாற்காலியைப் பார்த்து, "திருப்பட்டா?" என்பார். காத்திருந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்புவார்.

துக்கத்தில் புத்தி பிசகியிருக்கிறது என்று நினைத்தேன். மனசு கஷ்டப்பட்டது. அதை விட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் அந்த நாற்காலி விடவில்லை.

அண்ணனுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று என்று இரண்டு நாற்காலியும் எப்போதும் மாடியில்தான் கிடக்கும். மறுநாள் அக்கா எழுந்து வருவதற்கு முன்னால் நான் மேலே போனேன். விடிந்திருந்தது. காற்று எண்ணூர்ப் பக்கமிருந்து. தரை முழுக்கச் சாம்பல். அக்காவின் நாற்காலி முழுக்கச் சாம்பல். அண்ணனின் நாற்காலியில் கால்களில் சாம்பல் இருந்தது, முதுகின் மேல் விளிம்பில் இருந்தது. உட்காருகிற இடத்தில் இல்லை. முதுகு சாய்கிற இடத்தில் இல்லை. கை வைக்கிற இரண்டு இடத்திலும் இல்லை. விரலால் தொட்டுப் பார்த்தேன். துடைத்த ஈரமும் இல்லை. சுற்றிலும் தரையில் ஒரு காலடித் தடமும் இல்லை.

அக்கா வந்ததும் கேட்டேன். "அக்கா, இந்த நாற்காலிய தொடச்சீங்களா?"

"நான் எதுக்கு தொடைக்கறேன்? அவரு எனக்கு முன்னாடியே வந்து குந்திகினு கீறாரு."

"அண்ணன் வந்துட்டாருன்னு சொல்றீங்களா?"

"வரல. வந்தா கண்ணுல தெரியணும்ல. படிக்கறாரு. நான் கேக்கறேன். அவ்ளோதான்."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் தாயத்துக் கட்டச் சொல்லியிருப்பேன். சொன்னது அந்த அக்கா. உப்பு ஜாஸ்தி என்றால் ஜாஸ்திதான்.

என் மகள் பவானி அப்போது கல்லூரியில் முதல் வருஷம். அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "நான் பாத்துட்டு வரேன்" என்று காலையில் பூ பறிக்கிற சாக்கில் முக்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அக்கா புத்தகத்தைப் பார்க்கவே இல்லை, முதுகைக் காட்டிக்கொண்டு செம்பருத்தி இலையைத் துடைத்தபடி கதை சொன்னார். முக்காலியில் விரிந்து கிடந்த பக்கத்தைப் பவானி பார்த்தாள். கீழே இறங்கி வந்தாள். பறித்த பூவெல்லாம் கையில் நசுங்கியிருந்தது.

"அம்மா, பெரீம்மா சொல்றது அப்டியே அந்தப் பக்கத்துல இருக்கு. ஒரு வரி விடல."

நான் கோயிலுக்குப் போய் குருக்களிடம் சொன்னேன். அவர், "சத்தியம் எங்க வெச்சு பண்ணார்?" என்றார். தொட்டியைச் சொன்னேன். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. விபூதியை இரண்டு பொட்டலமாக மடித்து, "அவங்க கிட்ட குடுங்க" என்றார். இரண்டு எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

மெல்ல மெல்ல அந்தக் காலை நேரம் எனக்குப் பழகிப்போனது. பயம் போகவில்லை, ஆனால் கதை இழுத்தது. ஒன்று கவனித்தேன். அக்கா தினமும் இரண்டு பக்கம்தான் கேட்பார். "போதும்யா, நாளைக்கு" என்று புத்தகத்தை மூடி, ஒரு நூலை அடையாளம் வைத்துவிடுவார். மல்லி ஓய்ந்ததும் புத்தகம் பீரோவுக்குள் போய்விடும். மறுபடி அடுத்த மாசிதான்.

"ஏங்க்கா இவ்ளோ மெதுவா?"

அக்கா துணியைப் பிழிந்தார். "முடிஞ்சா போய்டுவாருமே. சத்தியம் கடைசி பக்கம் வரிக்கும் தான். அதான் இழுத்துகினு கீறேன்."

அதுதான் அக்காவின் உயிர் என்று அன்றைக்குப் புரிந்தது. புத்தகத்தில் எத்தனை பக்கம் மீதி இருக்கிறதோ அவ்வளவு காலம் அவருக்குப் புருஷன் உண்டு.

அப்படி நாலாவது புத்தகத்துக்கு வந்த வருஷம் பவானிக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆனால் பிள்ளை தேறவில்லை. தண்ணீர்கூட இறங்கவில்லை. கண்ணைத் திறந்தால் மஞ்சள். நான் அம்மன் படத்துக்கு முன்னால் உட்காருவேன், பிள்ளை பக்கத்தில் உட்காருவேன், மூச்சு முட்டும்போது மாடிக்குப் போவேன்.

அதே நேரம் கதையில், தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற அந்தச் சின்னது படுத்த படுக்கையாகிவிட்டது. பல நாளாகவே அதற்குக் காய்ச்சல். ஒரு காலை நான் போய் நின்றபோது அக்கா வழக்கம்போலக் காத்திருந்தார். அன்று ரொம்ப நேரம் காத்திருந்தார். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. நாற்காலியைப் பார்த்தார். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாக்கா ஆச்சு அதுக்கு?" என்றேன்.

"எழுந்து உக்காந்துச்சுமே" என்றார் அக்கா. "கஞ்சி கேட்டுச்சு."

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்று மத்தியானம் பவானி, "அம்மா, கொஞ்சம் கஞ்சி குடும்மா" என்றாள். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

மறுநாள் காலை மேலே போனேன். அண்ணனின் நாற்காலி முழுக்கச் சாம்பல். உட்காரும் இடம், சாயும் இடம், கை வைக்கும் இடம், எல்லா இடத்திலும் ஒரே சீராக. மல்லி அரும்புகள் கருகித் தரையில் உதிர்ந்து கிடந்தன. அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஈரத் துணியை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"கதை இல்லியாக்கா?"

"வரல."

அதற்கடுத்த நாளும் அதே. அந்தப் பங்குனி முடிகிற வரைக்கும் அதே. அக்கா இலைகளைத் துடைத்தார். ஒரு டம்ளர் டீ ஆறிப்போய் செடிக்கு ஊற்றப்பட்டது. காரணம் என்னவென்று அவர் சொல்லவில்லை, நானும் பவானி தேறுகிற சந்தோஷத்தில் துருவிக் கேட்கவில்லை.

ஐப்பசியில் பவானி நன்றாகிவிட்டாள். மழைக்கு வீட்டிலேயே கிடந்த பிள்ளை, பொழுதுபோகாமல் அக்காவிடம் அந்த நாலாவது புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்தாள். நூல் வைத்த இடத்திலிருந்து படித்தாள். கொஞ்ச நேரத்தில், "அம்மா, அந்தச் சின்னது செத்துடுதேம்மா" என்றாள்.

"இல்லடி. எழுந்து உக்காந்து கஞ்சி கேட்டுதுன்னு அக்கா சொன்னாங்க."

"இதுல கஞ்சியே இல்ல. கண்ண மூடிடுது. தோட்டத்துல பூவெல்லாம் கொட்டுதுன்னு போட்டிருக்கு."

நான் அப்படியே மேலே ஏறினேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். கேட்டேன்.

"ஆமா" என்றார். "அவரு சரியா தான் படிச்சாரு. நான் தான் மாத்தி சொன்னேன்."

"நீங்களா? ஏங்க்கா?"

"உன் மூஞ்சி அப்டி இருந்துச்சு. சொல்ல வாய் வரல." அரிசித் தண்ணீரை வடித்தார். "ஒரு வார்த்த விடாமன்னு தான அவரு சத்தியம் பண்ணாரு. கேக்கறவ மாத்திகினா அப்பால எப்டி படிக்கறது? அங்கயே அறுந்து போச்சு."

"அப்ப திருத்திச் சொல்லிடலாம்ல? இத்தினி மாசமா ஏன் சொல்லல?"

அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னார். "உன் பொண்ணு கஞ்சி கேட்டுச்சே அன்னிக்கே. திருத்தி சொல்லி, எதுனா ஆய்ட்டா? அவரு வராட்டி போறாரு. அவருக்கு வயசாச்சு."

வாழ்நாளெல்லாம் பொய் சொல்லாதவர் என் பிள்ளைக்காக ஒரு பொய் சொல்லி, அதற்காகப் புருஷனை விட்டுக்கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு வார்த்தை தெரியாமல் அரிசி களைந்துகொண்டிருக்கிறார். உடனே திருத்துங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. பெற்ற வயிறு. சின்னது செத்தது என்று அக்கா வாயைத் திறந்தால் கீழே பவானிக்கு என்ன ஆகுமோ என்று எனக்கும் பயம். வெறுமனே இறங்கி வந்தேன்.

மாசித் திருவிழா வந்தது. மகிழடி சேவையன்று நாங்கள் மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். கூட்டத்தில் நசுங்கியபடி அந்தச் சத்தியத்தைப் பார்த்தோம். பிறகு அம்மன் சந்நிதியில் நின்று, தாயே, பிள்ளையை நீ கொடுத்தாய், அந்த அக்கா சொன்ன வார்த்தையால் இல்லை, இதை நான் நம்புகிறேன், நம்பிக்கையில் ஓட்டை இருந்தால் நீயே அடைத்துக்கொள் என்று கேட்டேன். பவானியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நான் நினைத்ததைவிட தைரியசாலி.

மறுநாள் காலை அவளே அக்காவின் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப் போனாள். "சொல்லுங்க பெரீம்மா. நான் நல்லா இருக்கேன். கதைல செத்தது நானில்ல."

"உங்கம்மா?"

"சொல்லுங்கக்கா" என்றேன். பவானியின் முந்தானையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அக்கா மகிழஞ்செடிக்கு முன்னால் நின்றார். சாம்பல் படிந்த அந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னார். "யோவ். போன பங்குனில நான் மாத்தி சொன்னது தப்பு. சின்னது கஞ்சி கேக்கல. எழுந்திரிக்கல. கண்ண மூடிடுச்சு. தோட்டத்துல பூவெல்லாம் கொட்டிச்சு. நீ படிச்சது தான் சரி."

ஒன்றும் நடக்கவில்லை. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. பவானி மூச்சு விட்டாள், நானும் விட்டேன். அன்று முழுக்க அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "விடும்மா, பேஜாரு பண்ணாத" என்று சலித்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். எல்லா இடமும் சாம்பல். அண்ணனின் நாற்காலியில் உட்காரும் இடம் பளிச்சென்று இருந்தது. மாடி முழுக்க மகிழம்பூ வாசனை. செடியில் தேடினேன். இலைக்கு அடியில் சின்னதாக, முதல் முதலாக, பூத்திருந்தது.

அக்கா வந்தார். பார்த்தார். தன் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார். இரண்டு பக்கம் ஆனதும், போதும்யா என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"திருப்பட்டா?" என்றார். மூன்றாவது பக்கம். நாலாவது பக்கம். வெயில் ஏறிய பிறகும் நிறுத்தவில்லை.

"அக்கா, சீக்கிரம் முடிஞ்சிடுமே."

"முடியட்டும்மே. ஒரு வருசம் வராம போனாரு பாரு, அப்ப தான் ஒறச்சுது. அவரா குந்திகினு இல்ல. நான் புடிச்சு குந்த வெச்சிகினு கீறேன். சத்தியத்த அவரு பண்ணாரு. நான் அத்த கயிறா திரிச்சு கட்டிட்டேன்."

அந்தப் பங்குனியில் மல்லி பூத்தது போல் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கடைசிப் பக்கத்தன்று அக்கா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். தலை குளித்து, மல்லியும் மகிழம்பூவும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதை நான் எழுதவில்லை. அது அந்தப் புத்தகத்தின் சொத்து. அக்கா அதைச் சொல்லி முடித்தார். பவானி பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அக்கா புத்தகத்தை மூடினார். "அவ்ளோதானா?" என்று நாற்காலியைக் கேட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன கேட்டதோ, "சரி" என்றார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் கனமான ஆள் உட்கார்ந்து எழுந்தால், அகன்றிருந்த கால்கள் திரும்பச் சேரும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தது. மூன்று பேரும் கேட்டோம். அக்கா இரண்டாவது டம்ளரை எடுத்து மகிழஞ்செடியின் வேரில் ஊற்றினார்.

மறுநாள் நாற்காலி முழுக்கச் சாம்பல்.

வழக்கம்போல மீன்காரம்மா வந்து கூடையை இறக்கினாள். "இன்னாக்கா, இன்னிக்காவது வந்தாரா?"

நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா படியில் நின்றிருந்தார். இத்தனை வருஷமும் 'வரல' என்பதைத் தவிர வேறு வார்த்தை சொல்லாதவர்.

"போய்ட்டாரு" என்றார்.

மீன்காரம்மா கையிலிருந்த மீனைக் கூடைக்குள் திரும்ப வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அன்று மத்தியானம் அக்கா தம்பியை வரவழைத்து, கடற்கரைக்குப் போய், ஆக வேண்டியதைச் செய்தார். நெற்றியில் பொட்டில்லாமல் திரும்பி வந்தார்.

மழைக்காலத்துக்கு முன்னால் தம்பி வீட்டுக்கே மீஞ்சூர் போய்விட்டார். நாலு புத்தகத்தையும் பவானிக்குக் கொடுத்தார். தொட்டிகளை எனக்கு விட்டார். கிளம்பும்போது, "யாருனா கேட்டா நடந்தத சொல்லுமே. கூட்டாத. கொறைக்காத" என்றார். போன தை மாதம் அங்கேயே காலமானார். படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். குழம்பு கொண்டுபோனேன். ஒரு வாய் சாப்பிட்டு, "உப்பு சரியா கீது" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

இப்போது தினமும் காலையில் நான்தான் இலைகளைத் துடைக்கிறேன். இரண்டு நாற்காலியும் மாடியில்தான் இருக்கின்றன. இன்று காலை இரண்டிலும் சாம்பல் இருந்தது. இல்லை என்று எழுத எனக்கு ஆசைதான். இருந்தது.

படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் இப்படியே சொல்லுங்கள். கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு எதையும் மாற்றிவிடாதீர்கள். அந்தச் சின்னதைப் பிழைக்க வைக்காதீர்கள். இரண்டு நாற்காலியையும் துடைத்துவிடாதீர்கள். யார் எந்த இடத்தில் உட்கார்ந்து எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. அம்மன் எல்லோரையும் காக்கட்டும்.